எழுபத்தைந்தில் நாற்பத்தொன்றாவது

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, நாந்த் நகரில் எர்வே கதொரே என்னும் எழுபத்தாறு வயது மனிதருக்கு ஒரு பெரிய அநீதி பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. ஓர் ஓவியர் தம் கையால், அவர் கண்ணெதிரே கையொப்பமிட்டுக் கொடுத்த படத்தை, அந்த ஓவியரை வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்த்திராத ஐந்து பேர் பாரிஸில் கூடி உட்கார்ந்து 'போலி' என்று தீர்மானித்துவிட்டார்கள். தீர்மானித்ததோடு நின்றார்களா? முப்பது நாளுக்குள் தக்க சான்று காட்டாவிட்டால் படம் அழிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள்.

யார் அழிப்பார், எதைக்கொண்டு அழிப்பார், அழிக்கும்போது அவருக்குக் கை கூசாதா என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. 'பரிசீலிக்கப்பட்டது', 'கண்டறியப்பட்டது', 'அழிக்கப்படும்'. ஒரு முழுப்பக்கக் கடிதத்தில் ஒரு வாக்கியத்துக்கும் எழுவாய் கிடையாது. கடிதத்தின் அடியில் கையொப்பம்கூட அச்சில் வார்த்ததுதான். கையொப்பத்தின் உண்மையைச் சோதிப்பதற்கென்றே அமைந்த குழுவின் இலட்சணம் இது.

கதொரே கடிதத்தை மூன்று முறை படித்தார். முப்பத்தேழு ஆண்டுகள் அஞ்சல் பிரிப்பகத்தில் பிறர் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். தமக்கென்று வந்த கடிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

அவர் மனைவி யுகெத், அடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னய்யா, மூஞ்சி செத்துப்போச்சு? யாரு போயிட்டாங்க?"

"நாற்காலியும் எலுமிச்சையும்."

"படமா?"

"போலியாம்."

யுகெத் கரண்டியை வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்து உரக்கப் படித்தாள்: "'மேற்படி எண் கொண்ட படி 2005ஆம் ஆண்டிலேயே வேறொருவர் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளமையால்...' யாரு அந்த வேறொருத்தர்?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கதொரே சன்னலைப் பார்த்தார்.

"முப்பது வருசத்துக்கு மேல, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, அல்பான் வீட்ல அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து கோழிக்கறி தின்னிருக்கேன் எர்வே. படம்னா உயிர விடுற ஆளு நீ. பல் டாக்டர் வீட்டுக் காலண்டரக்கூட கிட்டப் போய் மோந்து பாப்ப. அந்த ஒரு படத்துக்கு மட்டும் முதுகக் காட்டித்தான் உக்காருவ. எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சொல்வதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்; அதை நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கல்லச்சுப் படம் என்பது கடையில் விற்கும் சுவரொட்டியைப் போன்றதன்று. ஓவியர் சுண்ணாம்புக்கல்லின்மீது மெழுகுக் கோலால் வரைவார். அச்சர் அந்தக் கல்லிலிருந்து குறித்த எண்ணிக்கையில் மட்டும் தாள் எடுப்பார். ஒவ்வொரு தாளின் இடப்புற அடியில் எண்ணையும் வலப்புற அடியில் பெயரையும் ஓவியர் பென்சிலால் எழுதுவார். பிறகு கல்லைத் தேய்த்துவிடுவார்கள். அதன்பின் உலகமே திரண்டு வந்து கேட்டாலும் எழுபத்தாறாவது தாள் பிறக்காது. ஓவியர் அனத்தோல் பிரெஸ்காவின் படங்களில் இத்தகைய பதினொன்று கதொரேயின் வீட்டில் இருந்தன. காரில்லாமல், கடற்கரை விடுமுறை இல்லாமல் வாங்கிச் சேர்த்தவை. அவற்றுள் முதலாவது 'நாற்காலியும் எலுமிச்சையும்'. கறுப்பு, சாம்பல் நீலம், மஞ்சள் என்று மூன்று கற்கள், மூன்று மை. ஆளில்லாத நாற்காலி; அதன் இருக்கையில் ஓர் எலுமிச்சை. எழுபத்தைந்தில் நாற்பத்தொன்றாவது படி.

1971ஆம் ஆண்டு செப்டம்பரில் அதைப் பாரிஸ் அச்சுப் பட்டறையிலேயே வாங்கி, குழாயில் சுருட்டி, இரயிலில் மடிமீது வைத்துக்கொண்டு வந்தார். அன்று மாலையே பிரிப்பகத்தில் அவருடைய அடுத்த மேசைக்காரரான அல்பான் மெர்லே, படம் பார்க்கச் சிவப்பு ஒயின் புட்டியோடு வந்தார். "அந்த எலுமிச்சையப் பாத்தா பல்லு கூசுதுடா!" என்று கையை வீசினார். முழங்கை பட்டுக் கோப்பை சாய்ந்தது. எண்ணுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு, ஒயின் ஊறியது. கதொரே அன்று அழுதார், அல்பானும் அழுதார். புட்டியில் எஞ்சியிருந்ததை இருவரும் தொடவில்லை.

பட்டறைக்கு எழுதினார். அச்சர் திஸ்ரான் நான்கே வரியில் பதில் போட்டார்: கெட்ட தாளைக் கொண்டு வருக. இத்தகைய விபத்துக்கென்றே எண்ணிடாத தாள்கள் சில வைத்திருக்கிறோம். எம் வழக்கம் இது: கெட்ட தாளைக் கையொப்பமிட்டவர் முன்னிலையில் கிழிக்க வேண்டும், அதே எண்ணைப் புதுத் தாள் பெறும். எண் ஒன்று, தாள் ஒன்று.

நவம்பர் 9ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கதொரே மோன்பர்னாஸ் பக்கத்துப் பட்டறைக்குப் போனார். பிரெஸ்கா அங்கே இருந்தார். கறுப்பு ஏப்ரன், மழிக்காத முகம், இடது கையில் ரொட்டிக்குள் வைத்த சாசேஜ். புதுத் தாளைத் திஸ்ரான் மேசையில் விரித்தார். பிரெஸ்கா நின்றபடியே பென்சிலை வாங்கினார். ஒரு கையால் தாளை அமர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுவதுதான் அவர் வழக்கம். அன்று அந்தக் கையில் சாசேஜ் இருந்தது. தாள் வழுக்கியது. பெயர் மேல்நோக்கிச் சாய்ந்து, மாடிப்படி ஏறுவதைப் போல ஏறியது. "நல்லாத்தான் இருக்கு," என்று தாமே சொல்லிக்கொண்டு இன்னொரு கடி கடித்தார்.

"இப்ப அதக் கிழி, தபால்காரா."

"நானா?"

"பின்ன யாரு, உன் மாமியாரா? உன் சாராயம்தான கொட்டுச்சு?"

"நான் கொட்டல. என் கூட்டாளி..."

"கூட்டாளியக் கிழிச்சா ஜெயிலு. தாளக் கிழி."

கதொரே கெட்ட தாளின் மேல் விளிம்பை இரு கையாலும் பற்றினார். விரல்கள் வேலை செய்யவில்லை. எலுமிச்சை அவரைப் பார்த்தது. கறை இருந்தால் என்ன, நாற்காலி அதே நாற்காலிதானே! பட்டறைத் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"வளத்த முயல அறுக்கச் சொன்ன மாதிரி நிக்கிறான் பாருங்கடா!" பிரெஸ்கா சிரித்தார். "சரி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழி. ஆனா கிழிக்கணும். வாக்கு?"

"வாக்கு."

திஸ்ரான் சிரிக்கவில்லை. நாட்குறிப்பைத் திறந்து, தேதியிட்டு, பேனாவால் எழுதினார்: 'நாற்பத்தொன்று: கெட்டது. மாற்றப்பட்டது. கிழிக்கப்பட்டது.' மை உலரும்வரை காத்திருந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கிழிச்சாச்சுன்னு எழுதிட்டேன். என்னைப் பொய்யன் ஆக்கிடாதீங்க, முசியே."

வீட்டுக்கு வந்தபின்னும் கை வரவில்லை. மூன்றாம் நாள் அல்பான் வந்து, "கொட்டினவன் நான்; கிழிக்கிறதும் நானே. நீ பாக்காத, போய் மூஞ்சியக் கழுவு," என்று தாளைச் சுருட்டிக் கொண்டுபோனார். அடுத்த ஈஸ்டருக்குக் கதொரே தம்பதியர் அல்பான் வீட்டுக்கு உண்ணச் சென்றபோது, உணவறைச் சுவரில் அது தொங்கியது. படத்தைச் சுற்றி வைத்த ஓர அட்டை அகலமாக வெட்டப்பட்டு, எண்ணையும் கறையையும் மறைத்திருந்தது. அல்பான் ஆட்டுத்தொடையை அரிந்துகொண்டே, நிமிராமல், "உப்பு போதுமா?" என்றார். "போதும்," என்றார் கதொரே. அந்த விஷயத்தைப் பற்றி அவ்விருவரும் பேசிய பேச்சு அவ்வளவே. அல்பான் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தும் போனார்.

வாக்குத் தவறியவர் கதொரே. அதில் எனக்கும் ஐயமில்லை, மறைப்பதற்கும் இல்லை. ஆனால் அந்தத் தவற்றுக்காக எந்தத் தாள் அழிய வேண்டும் என்று கேட்டால், எந்த மூடனும் கெட்ட தாளைத்தானே காட்டுவான்!

வினை இப்படித்தான் வந்தது. நகர அருங்காட்சியகத்தில் 2014 கோடையில் பிரெஸ்கா கண்காட்சி நடத்தவிருந்தார்கள். பொறுப்பாளரான இளம்பெண் வீடு தேடி வந்து, பதினொரு படங்களையும் பார்த்து, "நாற்காலிய மட்டும் எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்றபோது கதொரேக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழுவின் சான்றிதழ் வேண்டும், அதுதான் விதி, என்றாள். அவர் படத்தையே குழுவுக்கு அனுப்பினார். அதனுடன் இணைத்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததைப் போன்ற எழுத்தில், 'போலி என்று காணப்படின் அழிப்பதற்கு இசைகிறேன்' என்றிருந்தது. உண்மையான படத்தை வைத்திருப்பவன் அந்த வரியை ஏன் படிக்கப்போகிறான்? கையொப்பமிட்டார்.

மார்ச் 20ஆம் நாள் அவர் பாரிஸ் சென்றார். குழுவின் செயலாளர் மதாம் வெர்தியே மரியாதை தெரிந்தவர்தான். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் கதொரேயின் படம் கிடந்தது. கதொரே கை நீட்டினார்.

"தொடக்கூடாது, முசியே. இது இப்ப சாட்சிப் பொருள்."

"என் படம், மதாம்."

"அதத்தான பேச வந்திருக்கீங்க."

மதாம் வெர்தியே ஒரு புகைப்படத்தை எடுத்து அருகில் வைத்தார். அதே நாற்காலி, அதே எலுமிச்சை, நாற்பத்தொன்று. அடியில் தட்டச்சில்: விண்ணப்பதாரர் அல்பான் மெர்லே, நாந்த். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒயின் கறையை ஒரு நிபுணரிடம் கொடுத்து வெளுக்கச் செய்து, சான்றிதழ் வாங்கியிருக்கிறார் மனிதர். நாற்பத்தொன்றாவது எண்ணுக்கு இன்னொரு தாள் உண்டென்று அறிந்தே வாங்கியிருக்கிறார். மனைவிக்கு விட்டுச்செல்ல அவரிடம் வேறு என்ன இருந்தது?

"கையெழுத்தப் பாருங்க," என்றார் மதாம் வெர்தியே. "இதுல நேர்க்கோடு. மத்த எழுபத்து நாலுலயும் நேர்க்கோடு. உங்களுதுல மட்டும் மேல ஏறுது."

"இடது கையில சாப்பாடு வச்சிருந்தாரு, மதாம். தாளப் பிடிக்க முடியல."

"என்ன சாப்பாடு?"

"ரொட்டிக்குள்ள சாசேஜ்."

"அதுக்கு ஏதாவது ஆவணம் இருக்கா?"

"சாசேஜுக்கா?"

மதாம் வெர்தியே சிரிக்கவில்லை. குறித்துக்கொள்ளவும் இல்லை.

"நான் கண்ணால பாத்தேன், மதாம்! உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரம்தான். அவரு மேல வீசுன புகையில வாசன இன்னும் மூக்குல இருக்கு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர், பிரெஸ்கா மடியில உக்காந்து படம் வாங்குனதாச் சொன்னார். கணக்குப் பாத்தா அவர் பொறக்கும்போது பிரெஸ்கா செத்து மூணு வருசம்." பிறகு சற்றுக் குரலைத் தணித்து, "ஒரு வழி இருக்கு. பட்டறையோட நாட்குறிப்பு முப்பத்தெட்டு நோட்டும் எங்ககிட்டதான் இருக்கு. அச்சர் ரொம்ப ஒழுங்கானவர். ஒவ்வொரு பக்கமாத் தேட எங்களுக்கு ஆளில்ல. ஆனா நாள் சொல்லுங்க, இப்பவே எடுத்துப் பாக்கறேன்."

நாள்! கதொரேயின் நாக்கு நுனியில் அது நாற்பத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தது. தாள்களைப் போலவே தேதிகளையும் அவர் வரிசை குலையாமல் அடுக்கி வைத்திருப்பவர். செவ்வாய்க்கிழமை, 1971, நவம்பர் 9. வாயைத் திறந்தவர், அதைச் சொல்லாமல், வேறொன்று கேட்டார்.

"என் பக்கம் நியாயம்னு தெரிஞ்சா... அந்த இன்னொரு தாள் என்ன ஆகும்?"

"சான்றிதழ ரத்து பண்ணித் தாளத் திருப்பி வாங்குவோம். எண் ஒண்ணு, தாள் ஒண்ணு."

"வாங்கி?"

மதாம் வெர்தியே அறையின் மூலையைப் பார்த்தார். அங்கே குடை செருகும் தொட்டி உயரத்தில் ஓர் இயந்திரம் நின்றது. அலுவலகக் காகிதங்களை நூல்நூலாக அரியும் சாதாரண இயந்திரம்.

"ரெண்டையும் விட்டுடக் கூடாதா, மதாம்? ரெண்டும் அவரு வரைஞ்சதுதான். ரெண்டுலயும் அவரு கையெழுத்துத்தான். சத்தியமா."

"ரெண்டுல ஒண்ணுதான், முசியே. எதுங்கறத நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது. ஆவணம் என்ன சொல்லுதோ அது. நாள் ஞாபகம் இருக்கா?"

"யோசிக்கணும்," என்றார் கதொரே.

"ஏப்ரல் பத்து வரைக்கும் யோசிங்க."

வீடு திரும்பியதும் யுகெத் கேட்டாள், அவர் சொன்னார். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். அவள் சொன்னாள்: "போய் ஒதெத்தக் கேளு. அவ என்ன கல்லா? உண்மையச் சொல்லு. அவளாக் கழட்டிக் குடுத்தா உன் பாவம் போச்சு."

ஒதெத், அல்பானின் மனைவி, எண்பத்தொரு வயது, ஆற்றுக்கு அக்கரையில், ரெசேயில் உள்ள முதியோர் இல்லத்தில் இருந்தாள். கதொரே சனிக்கிழமை மதியம், வெண்ணெய் பிஸ்கட் டப்பாவோடு சென்றார். ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு படம்; அந்த அறையில் அவளுடைய சொத்து அவ்வளவுதான். அவர் பழக்கம் மாறாமல் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"வாடா, வா! நானே உனக்கு போன் போடணும்னு இருந்தேன்." ஒதெத் டப்பாவைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது எனக்கா, நர்சுக்கா? எனக்குன்னா ஒளிச்சு வைக்கணும், அவ தின்னுடுவா. எர்வே, சேதி கேட்டியா? மியூசியத்துல இருந்து வந்தாங்க!"

"யாரு?"

"ஒரு பொண்ணு. குச்சி மாதிரி இருந்தா. சான்றிதழ் இருக்கிற நாற்காலி யாருகிட்டன்னு பாரிஸ்ல விசாரிச்சாளாம், அவங்க என் பேரக் குடுத்தாங்களாம். வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டுப் போனா. கோடையில மாட்டப்போறாங்க. கீழ அட்டையில என்ன எழுதுவாங்க தெரியுமா? 'அல்பான் மெர்லே சேகரிப்பு'!" அவள் குரல் உடைந்தது, உடனே அதைச் சிரிப்பால் ஒட்டிக்கொண்டாள். "நாப்பது வருசம் தபால் மூட்டையோட மல்லுக்கட்டுன மனுசன். கல்லறையில பேரு வெட்டுனதோட சரி, அதையும் பாசி மூடிடுச்சு. இப்பப் பாரு, சேகரிப்பாம்! இருந்திருந்தா தெருவுல நடந்திருப்பானா? மிதந்திருப்பான்."

கதொரே தம் தொப்பியின் விளிம்பைத் திருகினார். ஒதெத் தொடர்ந்தாள்.

"உன்னுதும் வருதுல்ல? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டச் சொல்லுவோமா? உன்னுதுல என்ன எண்ணு? எங்களுது நாப்பத்தொண்ணு."

"என்னுது... சட்டம் மாத்தக் குடுத்திருக்கேன்."

"நல்ல நேரம் பாத்துக் குடுத்த போ!" அவள் பிஸ்கட்டைக் கடித்தாள். "நான் அந்தப் பொண்ணுகிட்ட உன் பேரையும் போடச் சொன்னேன்டா. 'எர்வே கதொரே அன்பளிப்பு'ன்னு. அல்பான் சொல்லாத நாளில்ல: இத எர்வே எனக்குச் சும்மா தூக்கிக் குடுத்தான், கொட்டுனவன் நான், ஆனா கோவிச்சுக்காம எனக்கே குடுத்தான், எவன் குடுப்பான்னு. சாகறதுக்கு முந்துன வாரம்கூடச் சொன்னான். அந்தப் பொண்ணு முடியாதுன்னுட்டா. சான்றிதழ்ல உன் பேரு இல்லையாம்."

கதொரே எழுந்தார். அறையில் நிற்பதற்கு இடம் போதாததுபோல் இருந்தது. சொல்ல வந்த வாக்கியத்தை அவர் டிராமிலும் பேருந்திலும் பத்து முறை சொல்லிப் பார்த்திருந்தார். அதன் முதற்சொல்லைக்கூடக் காணோம்.

"அதுக்குள்ளயா? காபி வரும், இரு."

"யுகெத் தேடுவா."

"அவளயும் கூட்டிட்டு வா, திறப்பு விழாவுக்கு. நீதான் என்னக் கூட்டிட்டுப் போகணும், சொல்லிட்டேன். கை பிடிச்சுத்தான் நடப்பேன், எல்லாரும் நம்மள ஜோடின்னு நெனைக்கட்டும், யுகெத் வயிறு எரியட்டும்!"

வீட்டில் யுகெத், "கேட்டியா?" என்றாள்.

"பிஸ்கட் குடுத்தேன்," என்றார் கதொரே.

சுவரில் படம் இருந்த இடத்தில் வெளிறாத சுவர்த்தாள் ஒரு சதுரமாகத் தெரிந்தது; அதன்மீது யுகெத் நாட்காட்டியை மாட்டினாள். அது இன்னும் மோசமாயிற்று. நாள்கள் கண்ணெதிரே தொங்கின.

ஏப்ரல் 10ஆம் நாள், வியாழக்கிழமை, கதொரே மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினார். 'தாங்கள் கேட்ட நாள்: 1971, நவம்பர் 9. அன்றைய நாட்குறிப்பைப் பார்க்கவும். வணக்கம்.' அன்றைய முத்திரை விழுந்தாலே செல்லும். அஞ்சல் விதிகள் அவருக்குத் தெரியாதா! தெருமுனையிலிருந்த மஞ்சள் பெட்டியருகே நான்கு மணிக்கே போய் நின்றார். தபால் எடுப்பது ஐந்து மணிக்கு. உறையைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்தார், ஒதெத்தின் வெறும் சுவர் தெரிந்தது, இழுத்துக்கொண்டார். மறுபடி நுழைத்தார், மூலையில் நின்ற அந்த இயந்திரம் தெரிந்தது, அதில் கிழியப்போவது எது என்று நினைத்தார். எதுவானாலும் அதில் ஓர் எலுமிச்சை இருக்கும். இழுத்துக்கொண்டார். பெட்டியைத் திறக்க வந்த பெண் ஊழியர், பையை நிரப்பிவிட்டு, "பெரியவரே, அதையும் போடணுமா?" என்று கை நீட்டினாள்.

முப்பத்தேழு ஆண்டுகளில் ஒரு கடிதத்தையும் தடுத்து நிறுத்தாத மனிதர், தம் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இல்ல. விலாசம் சரியில்ல," என்றார்.

ஏப்ரல் 28ஆம் நாள் இரண்டாம் பதிவுத் தபால் வந்தது. அரைப் பக்கம். 'அழிக்கப்பட்டது.' நாளும் இருந்தது. நேரமும் இருந்தது: முற்பகல் 11.20. செய்தவரின் பெயர்தான் இல்லை. ஒரு வாழ்நாளின் முதற்காதலைக் கொன்றுவிட்டு, அதற்கொரு எழுவாயைக்கூடத் தர மாட்டார்களாம்! அந்த நேரத்தில் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கதொரே நினைவு கூர்ந்தார். சந்தையில் லீக்ஸ் வெங்காயத்தாள் வாங்கிக்கொண்டிருந்தார். இளையதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மே மாதம் கண்காட்சி திறந்தது. ஒதெத் நீலக் கோட்டும் முத்துத் தோடும் அணிந்து, சொன்னபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுபக்கம் யுகெத். மூன்றாம் அறையில் அது இருந்தது. திரும்பி நிற்க வழியில்லை, சுற்றிலும் ஆட்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாகக் கதொரே அந்தத் தாளை நேருக்கு நேர் பார்த்தார். அருங்காட்சியகம் ஓர அட்டையை ஒடுக்கி வெட்டியிருந்தது, எண் தெரிந்தது. அதன் கீழே, வெளுத்ததையும் மீறி, தேநீர்க்கோப்பையின் விளிம்புத் தடம்போல ஒரு கோடு. தேடுகிறவனுக்கு மட்டும் தெரியும் கோடு.

பொறுப்பாளரான பெண் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "கையெழுத்த கவனிங்க. எவ்வளவு நிதானம்! அவசரமா ஒரு படத்துலகூட அவர் பேர் போட்டதில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒதெத் கீழே இருந்த அட்டையைத் தன் விரலால், எழுத்து எழுத்தாக, தடவிக்கொண்டிருந்தாள். "பாத்தியா? 'சேகரிப்பு'!" என்று திரும்பியவள், "ஏன்டா கண்ணு கலங்குது உனக்கு?" என்றாள்.

"விளக்கு வெளிச்சம் ஒத்துக்கல."

"எனக்குத் தெரியும்டா," என்றாள் ஒதெத், அவர் கையைத் தட்டிக்கொடுத்து. "குடுத்த பொருள்மேல ஆசை போகாது. ஆனா நீ குடுத்தது வீணாப் போகல பாரு."

யுகெத் மறுபக்கத்திலிருந்து அவர் முழங்கையை இறுகப் பிடித்தாள். அவர் தலையசைத்தார்.

கண்காட்சி செப்டம்பர் 21 வரை நடக்கிறது. வியாழன்தோறும் மதியம் ஒதெத்தை இல்லத்து வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள்; மூன்றாம் அறையின் நீளிருக்கையில், படத்துக்கு எதிரே, நீலக் கோட்டுடன் அவள் உட்கார்ந்திருப்பாள். உங்களுக்கு இப்போது உண்மை தெரியும். ஐந்து பேர் செய்த அநீதிக்காகக் கோபப்படுங்கள்; எனக்கு இருக்கும் கோபத்தில் பாதியாவது படுங்கள். ஆனால் அங்கே போனால் இடப்புற மூலையைக் குனிந்து பார்க்காதீர்கள், விரல் நீட்டாதீர்கள். அவள் உயிரோடு இருக்கும்வரை, வாசகரே, நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது.